எழுத்துக் கூட்டத்திலிருந்து சொல் காணல்

எழுத்துக் கூட்டத்திலிருந்து சொல் காணல் என்பது, கொடுக்கப்பட்ட சில எழுத்துகளைக் கொண்டு ஒரு மொழியில் அமையக்கூடிய சொற்களைத் தேடிக் கண்டறிவதாகும். ஆங்கிலத்தில் ஸ்கிரேபிள் ஆட்டமும், நாளிதழ்களில் வெளியாகும் கலைந்த எழுத்துப் புதிர்களும் இதனை அடிப்படையாகக் கொண்டவை. தமிழில் இம்முறையை அப்படியே பின்பற்ற இயலாது. 'ஓர் எழுத்து' என்று எதனைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்துத் தமிழில் விடைகள் மாறுபடும். திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திருத்தணியின் பெயரே இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றது.

இருவகைத் தேடல்

இத்தேடலில் இரு வேறு வினாக்கள் உள்ளன. தரப்பட்ட எழுத்துகள் அனைத்தையும் தன்னுள் கொண்ட சொற்கள் எவை என்பது ஒன்று; இதில் பிற எழுத்துகளும் வரலாம். த, ணி ஆகிய இரண்டும் வரும் சொற்களைக் கேட்டால் தணிக்கை, கணிதம் இரண்டும் சரியான விடைகளே. தரப்பட்ட எழுத்துகளை மட்டும் கொண்டு அமைக்கத்தக்க சொற்கள் எவை என்பது மற்றொன்று. இதில் ஓர் எழுத்து எத்தனை முறை தரப்பட்டுள்ளதோ அத்தனை முறைக்கு மேல் பயன்படுத்தலாகாது. கீழே வருவன பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

ஆங்கிலத்தில்

ஆங்கிலத்தில் திருத்தணியின் பெயர் டி, ஐ, ஆர், யூ, டி, டி, ஏ, என், ஐ என ஒன்பது எழுத்துகளால் எழுதப்படுகின்றது. இவற்றிலிருந்து டிரெயின், ரெயின், யூனிட், டர்ன், டைட்டன் முதலிய சொற்களைப் பெறலாம். (தொடர்வண்டி நிலையம் உள்ள ஊரின் பெயருக்குள் டிரெயின் இருப்பது தற்செயலே.) சிலர் டி எழுத்துக்குப் பின் எச் சேர்த்துப் பத்து எழுத்துகளாக எழுதுவர். அப்போது டைட்டன் போன்ற சொற்களுக்குத் தடையில்லை. கூடவே ஹேர், ஹன்ட், ட்ரூத் ஆகியனவும் கிடைக்கும்.

கணினியில் இதைச் செய்வது எளிது. அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் எண்ணி, தரப்பட்ட எண்ணிக்கையுடன் ஒப்பிட்டால் போதும். எல்லா எழுத்துகளையும் பயன்படுத்தும் சொல் மட்டும் வேண்டுமெனில் இன்னும் விரைவான வழியுண்டு. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டால், ஒரே எழுத்துகளாலான சொற்கள் ஒரே வரிசையைப் பெற்று ஒருங்கு சேரும். லிசன், சைலன்ட் ஆகிய ஆங்கிலச் சொற்கள் இவ்வாறு இணைவன. தமிழில் கதவு, தகவு அத்தகையன.

தமிழில்

தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிரில் கட்டம் ஒன்றுக்கு ஓர் எழுத்து. மெய்க்கும் தனிக் கட்டமே. இக்கணக்கில் திருத்தணி என்பது தி, ரு, த், த, ணி என்னும் ஐந்தெழுத்துச் சொல்லாகும். இதனுள் திரு, தரு, தணி, திணி, தத்தி, திருத்த ஆகிய சொற்கள் உள்ளன. ஊரின் மற்றொரு பெயரான திருத்தணிகை என்பதைக் கொண்டால் கை, தகை, திகை, தருகை ஆகியனவும் சேரும்.

தொல்காப்பியமோ உயிரும் மெய்யுமாகிய முப்பதையே எழுத்தெனக் கொண்டு, சார்ந்து வருவன மூன்றைத் தனியே கூறுகின்றது. அவ்வாறு பிரித்தால் இதே பெயர் த், இ, ர், உ, த், த், அ, ண், இ என ஒன்பதாகும். ஆங்கில எழுத்துகளின் எண்ணிக்கையும் இதுவே என்பது கருதத்தக்கது. இப்போது முன்னர்க் கிடைக்காத இரு, உரி, அணி, துணி, உணர், துரத்தி ஆகியன கிடைக்கின்றன. பூங்கொத்தைக் குறிக்கும் இணர் என்னும் பழஞ்சொல்லும் வெளிப்படும்.

1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைக்கப்படும் வரை திருத்தணி ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தெலுங்கில் 'த்த' என்பது ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டு ஒரே எழுத்தாக எண்ணப்படுவதால், அம்மொழியில் இப்பெயர் நான்கெழுத்தே. த தனித்துக் கிடைக்காமையால், எழுத்துகளைப் பிரிக்காமல் அங்கே தரு என்னும் சொல்லை அமைக்க முடியாது.

கணினியில் எழும் சிக்கல்

ஒருங்குறியில் தி என்பது த என்னும் எழுத்தும் இகரக் குறியும் என இரண்டாகச் சேமிக்கப்படுகின்றது. திருத்தணி முழுவதும் த, இகரக் குறி, ர, உகரக் குறி, த, புள்ளி, த, ண, இகரக் குறி என ஒன்பது குறியீடுகளாகும். இந்த ஒன்பதும் தொல்காப்பிய வழி வந்த ஒன்பதும் ஒன்றல்ல. இவற்றைக் கலைத்து அடுக்கும் நிரலால் துணி, துரத்தி ஆகியவற்றைக் காண முடியும்; அணி என்பதைக் காண முடியாது. அகரம் தனிக் குறியீடாக இங்கே இல்லை. திரு என்னும் சொல்லில் த உண்டா என்று கேட்டால், இல்லாத எழுத்தை உண்டு என்று கூறும். ஆங்கிலத்துக்கென எழுதிய நிரலில் தமிழ் அகராதியை இட்டுப் பார்க்கும் மாணவர்கள் முதலில் எதிர்கொள்ளும் பிழை இதுவே.

எனவே தேடலுக்கு முன் சரத்தை எழுத்துகளாகப் பிரித்தல் இன்றியமையாதது. ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரலகத்தில் இதற்கான செயற்கூறுகள் உள்ளன. தமிழக அரசு 2010 இல் ஏற்ற டேஸ் 16 குறியேற்றத்தில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் உண்டு. எனினும் இணையத்தில் ஒருங்குறியே நிலைபெற்றது.

இலக்கியத்தில்

வரையறுத்த எழுத்துகளுக்குள் சொல் தேடுதல் தமிழ்ப் புலவர்களுக்குப் பழக்கமானதே. திருத்தணி முருகனைத் திருப்புகழில் பாடிய அருணகிரிநாதர், கந்தரந்தாதியின் 54 ஆம் பாடலைத் தகர வருக்க எழுத்துகளால் மட்டுமே இயற்றினார். வாதில் தோற்ற புலவர்களின் காதை அறுத்துவந்த வில்லிபுத்தூரார், இப்பாடலுக்குப் பொருள் கூற இயலாமல் தோற்றார் என்பது செவிவழிக் கதை. அருணகிரியார் அவர் காதை அறுக்காமல் விட்டதாகவும் அக்கதை கூறும்.

இதழ் குவிந்தும் இயைந்தும் பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ, ப, ம, வ ஆகியவற்றை விலக்கிப் பாடுவது நிரோட்டகம். சிவப்பிரகாச சுவாமிகளின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி இவ்வகையில் புகழ்பெற்றது. இவ்விதிப்படி முருகன், வேலன், குமரன் என்னும் பெயர்களைப் பாடலுள் வைக்க இயலாது, கந்தன் என்னலாம். திருத்தணி என்பதும் ருகரத்தால் விலக்கப்படும். தணிகை என்பதற்குத் தடையில்லை.