வரைகலை அட்டையும் இரையும் விசிறியும்

கணினித் திரையில் தோன்றும் ஒவ்வொரு படமும் எண்ணற்ற புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என அமைந்த ஒரு திரையில் மட்டும் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை அவை அனைத்தும் புதிதாகத் தீட்டப்படுகின்றன. இக்கணக்கை இடையறாது செய்து முடிக்கும் உறுப்பே வரைகலை அட்டை. கடைவீதியில் இதனைக் கிராஃபிக்ஸ் கார்டு என்பர். விளையாடுவோர்க்கு மட்டுமன்றி, அசைவூட்டப் படம் பயில்வோர்க்கும் கட்டட வரைபடம் வரைவோர்க்கும் காணொளி தொகுப்போர்க்கும் இதுவே துணை. பல வீடுகளில் கணினியின் பிற உறுப்புகள் அனைத்தையும்விட இவ்வோர் அட்டையின் விலையே மிகுதி.

உழைப்பு மிகுந்தால் வெப்பமும் மிகும். ஓர் அட்டை 200 வாட் மின்னாற்றலைக் கொள்ளுமாயின், ஏறத்தாழ அவ்வளவும் வெப்பமாகவே வெளிப்படும். கூரையில் சுழலும் மின்விசிறிகள் இரண்டு மூன்றுக்குத் தேவையான ஆற்றல் அது. அவ்வளவும் ஓர் அஞ்சல்தலை அளவுள்ள சில்லில் வெப்பமாகத் திரள்கிறது. அதனை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் சில்லு கெடும்.

கணினிக்கும் வெப்பத்துக்கும் உள்ள இப்போராட்டம் கொல்கத்தாவுக்குப் புதிதன்று. இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணினி இந்நகரில்தான் நிறுவப்பட்டது. எச்.இ.சி.–2எம் என்னும் அப்பொறி 1955ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து, பாராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்துசேர்ந்தது. அதற்குள் இருந்தவை வெற்றிடக் குழாய்கள். பழைய வானொலிப் பெட்டிகளில் செந்நிறமாக ஒளிர்ந்தவையும் அவையே. எரியும் விளக்கைப் போலவே அவை சுடும். குழாய்கள் மறைந்து சில்லுகள் வந்தபின்னும் சூடு மறையவில்லை. சிறிய இடத்தில் நெருங்கித் திரண்டது, அவ்வளவே.

வரைகலை அட்டையில் சில்லின்மேல் வெப்பத்தைக் கடத்தும் களிம்பு மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். அக்களிம்பின்மேல் உலோகத்தாலான வெப்ப உறிஞ்சி அமர்ந்திருக்கும். அதன் மெல்லிய தகடுகள் சீப்பின் பற்கள்போல் வரிசையாக நிற்கும். தகடுகளுக்கிடையே காற்றைச் செலுத்துவது விசிறி. சில்லின் வெப்பநிலையை அளந்து சொல்வது வெப்ப உணரி. உணரி சொல்லும் அளவுக்கேற்ப விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது இயக்கி என்னும் மென்பொருளும் அட்டையிலேயே பதிந்துள்ள நிரலும் ஆகும். விசிறு, உறிஞ்சு, உணர், இயக்கு ஆகிய வினைகள் ‘இ’ என்னும் விகுதி பெற்று விசிறி, உறிஞ்சி, உணரி, இயக்கி எனக் கருவிப்பெயர்களாயின. வங்கமொழியில் ‘பாக்கா’ என்று நாள்தோறும் கேட்கும் பொருளுக்குத் தமிழ் வைத்த பெயர், அது செய்யும் தொழிலையே சொல்லிவிடுகிறது.

விசிறி அளவுக்கு மீறி இரைந்தால் முதலில் அறிய வேண்டியது ஒன்றே: அட்டை உண்மையிலேயே சூடாக உள்ளதா? வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. விண்டோஸ் இயங்குதளத்தின் பணி மேலாளரிலும் பல அட்டைகளுக்கு இவ்வளவு தெரியும். பெரும்பாலான அட்டைகள் ஓய்வில் 30 முதல் 50 பாகை செல்சியசு வரையிலும், கடும் உழைப்பில் 65 முதல் 85 பாகை வரையிலும் இருப்பது இயல்பு. கணினியை இயக்கிய சில நொடிகள் விசிறி விரைந்து சுழன்று அடங்குவதும் இயல்பே. புதிய அட்டைகள் பலவற்றில் சூடு குறைந்தால் விசிறி நின்றேவிடும். அதனைப் பழுதென்று எண்ணி அஞ்சுவோரும் உளர்.

அட்டை சூடாக இருந்து விசிறியும் விரைந்தால், விசிறி தன் கடமையைச் செய்கிறது. குறை வேறிடத்தில் உள்ளது. முதலில் அறையைப் பார்த்தல் வேண்டும். சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த நிலைக்கு அட்டையை எந்த விசிறியாலும் கொண்டுவர இயலாது. டிசம்பர் மாதத்தில் அறை 18 பாகையாக இருக்கும்போது 62 பாகையில் உழைக்கும் அட்டை, மே மாதத்தில் அறை 36 பாகையாகும்போது அதே விசிறி வேகத்தில் ஏறத்தாழ 80 பாகைக்கு ஏறும். அவ்வேற்றத்தைத் தடுக்கவே விசிறி விரைகிறது. வேகம் இரு மடங்கானால் விசிறியைச் சுழற்றத் தேவையான ஆற்றல் எட்டு மடங்காகும். இரைச்சலும் அதற்கேற்பப் பெருகும். சுவரை ஒட்டியோ மேசை அறைக்குள்ளோ வைத்த கணினிப் பெட்டியை ஒரு சாண் வெளியே நகர்த்துவதே சில வீடுகளில் போதுமான மருந்தாகிவிடும்.

அடுத்த காரணம் தூசி. கொல்கத்தாவில் இதற்குத் தனி இடம் உண்டு. சித்திரை, வைகாசியில் வீசும் கால்பைசாகிப் புயற்காற்று தெருப்புழுதியை வீட்டுக்குள் சேர்க்கும். காற்றின் ஈரப்பதம் அப்புழுதியைத் தகடுகளில் ஒட்டவைக்கும். சமையலறைக்கு அருகே கணினி இருந்தால் எண்ணெய்ப் பசையும் சேரும். நாளடைவில் தகடுகளின் இடைவெளி கம்பளிபோல் அடைபட்டுப்போகும். அதன்பின் விசிறி எவ்வளவு சுழன்றாலும் காற்று ஊடே செல்லாது.

தூசியைப் போக்கப் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். கணினியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். உடலில் உள்ள நிலைமின்னேற்றம் நீங்கப் பெட்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொடுதல் நன்று. மென்தூரிகையாலும் காற்றூதியாலும் தூசியை அகற்றலாம். காற்றை ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் அது கட்டுக்கடங்காமல் சுழன்று அச்சு தேய்ந்துபோகும். ஈரத்துணி கூடாது. தூசி நீங்கியும் சூடு தணியாவிட்டால் களிம்பு உலர்ந்திருக்கலாம். அட்டையைப் பிரித்துக் களிம்பை மாற்றுதல் பழகிய கைகள் செய்யும் வேலை. உத்தரவாதக் காலம் முடியாத அட்டையில் அதனைத் தொடாமல் இருப்பதே அறிவுடைமை.

அட்டை 40 பாகையில் குளிர்ந்திருந்தும் விசிறி முழு வேகத்தில் ஓடினால் வழி வேறு. அங்கே கெட்டிருப்பது கட்டளை. இயக்கி மென்பொருள் பழுதுற்றிருக்கலாம். அதனை நீக்கிப் புதிதாக நிறுவிப் பார்க்க வேண்டும். யாரேனும் வேகத்தைக் கையால் 100 விழுக்காட்டில் நிறுத்திவைத்து மறந்திருக்கலாம். விசிறியின் கம்பி தளர்ந்திருக்கலாம். நான்கு கம்பிகள் கொண்ட விசிறிக்கு வேகக் கட்டளை வராவிட்டால், அது நின்றுவிடாமல் முழு வேகத்தில் சுழலுமாறே வடிவமைக்கப்பட்டுள்ளது. செய்தி கிடைக்காத காவலன் உறங்காமல் விழித்திருப்பதைப் போன்றது இது. சில அட்டைகளில் கூடுதல் மின்கம்பியைச் செருக மறந்தாலும் விசிறி இவ்வாறே அலறும்.

காரணம் அறியாமல் ஓசையை மட்டும் அடக்க முயல்வோர் பலர். மென்பொருளால் வேகத்தைக் குறைப்பர். சிலர் கம்பியையே பிடுங்குவர். இதன் விளைவை உலகம் 2010 மார்ச்சு மாதத்தில் கண்டது. என்விடியா நிறுவனம் வெளியிட்ட 196.75 என்னும் இயக்கி, சில கணினிகளில் விசிறியின் வேகத்தை உயர்த்தத் தவறியது. இரைச்சல் இல்லை, ஆயினும் அட்டைகள் கொதித்தன. சில நாள்களுக்குள் நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றது. மாறாக, அதே நிறுவனம் 2003இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா என்னும் அட்டையின் விசிறி பெரும் ஓசை எழுப்பியது. ‘டஸ்ட்பஸ்டர்’ என்னும் கைத்தூசு உறிஞ்சியின் பெயரால் மக்கள் அதனை எள்ளி நகையாடினர். நிறுவனத்தின் ஊழியர்களே அதைக் கேலி செய்து ஒரு குறும்படமும் எடுத்தனர். கேலிக்கு ஆளான விசிறி அட்டையைக் காத்தது. 2010இல் ஓசையின்றி இருந்த விசிறி காக்கவில்லை.

ஓசையின் தன்மையையும் செவி பிரித்தறிய வேண்டும். சீரான காற்றொலி வேகத்தைக் குறிக்கும். கடகடவென்னும் ஒலியோ கீச்சொலியோ அச்சுத் தேய்மானத்தைக் குறிக்கும். அதற்கு விசிறியை மாற்றுவதே தீர்வு. பழைய அட்டை வாங்குவோர் இதில் கூடுதலாகக் கருத்துச் செலுத்த வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மின்னாணய முறை வரைகலை அட்டைகளின் தேவையை நீக்கிக்கொண்டது. அதன்பின், இரவுபகலாக ஓடிய அட்டைகள் பல உலகெங்கும் பழம்பொருள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் பலவற்றின் விசிறிகள் முன்பே களைத்தவை.

சாந்தினிச் சந்தையின் பழுதுநீக்குவோரிடம் அட்டையைக் கொண்டு செல்லுமுன் ஒரு தாளில் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுதல் பயன்தரும்: அறையின் வெப்பநிலை, ஓய்வில் அட்டையின் வெப்பநிலை, உழைப்பில் அதன் வெப்பநிலை, விசிறியின் வேக விழுக்காடு. ‘ஓசை வருகிறது’ என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் விசிறியை மாற்றித் தருவார். எண்களைக் காட்டினால், மாற்ற வேண்டியது விசிறியா, களிம்பா, மென்பொருளா என்று அவரே முடிவு செய்வார்.