தெரியுமா? கண்ணால் கேட்டார் பீத்தோவன்!

காது கேட்காத ஒருவர் உலகமே கேட்கும் இசையை எழுதினார் என்பது ஊரறிந்த சேதி. எப்படி எழுதினார், எப்படிச் சமாளித்தார் என்று துருவிப் பாருங்கள், மூக்கின் மேல் விரல் வைப்பீர்கள்!

காது மந்தமாகத் தொடங்கியபோது பீத்தோவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வியன்னாவில் அவர் அப்போது பியானோவில் கொடிகட்டிப் பறந்த வித்வான். 1801-ல் மருத்துவ நண்பர் வெகெலருக்கு ஒரு கடிதம் எழுதிப் புலம்புகிறார். இரவும் பகலும் காதுக்குள் ஓயாத ரீங்காரம். நாடகக் கொட்டகையில் வாத்தியக்காரர்களை ஒட்டி உட்கார்ந்தால்தான் நடிகர் பேசுவது புரிகிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் மேல்ஸ்தாயி சுரங்கள் காதில் விழுவதில்லை. இது எதிரிகளுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள்? இந்தப் பயத்திலேயே இரண்டு வருடமாக விருந்து, விசேஷம் எதற்கும் தலைகாட்டவில்லையாம்!

மறுவருடம் ஹைலிகென்ஷ்டாட் கிராமத்திலிருந்து தம்பிகளுக்கு உயில்போல ஒரு கடிதம் எழுதினார். சாவின் விளிம்புவரை போன தன்னைக் கலைதான் பிடித்து நிறுத்தியது என்று அதில் இருக்கிறது. ஆனால் அதை அவர் அனுப்பவே இல்லை! 1827-ல் அவர் இறந்த பிறகுதான் காகிதக் கட்டிலிருந்து அது வெளியே வந்தது.

1814-ல் ஓர் ஒத்திகையை எட்டிப் பார்த்த ஸ்போர் என்ற இசையமைப்பாளர் அதிர்ந்து போனார். பலமாக வாசிக்க வேண்டிய இடத்தில் தந்திகள் அலறும்படி குத்துகிறார் பீத்தோவன். மென்மையான இடத்திலோ விரல் படுகிறது, ஒலியே எழவில்லை, சுரங்கள் கூட்டம் கூட்டமாகக் காணாமல் போகின்றன! பியானோவில் சுருதியும் சேரவில்லை. அது அவருக்குத் தெரியவும் இல்லை. அந்த ஆண்டோடு மேடையில் அவருடைய பியானோ வாசிப்பு ஏறக்குறைய முடிந்தது. வித்வான் போனார், எழுதுகிறவர் மட்டும் மிஞ்சினார்.

இனிதான் ஆச்சரியம். 2011-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மூன்று பேர் அவருடைய தந்திக்கருவி நால்வர் இசையை எடுத்து, முதல் வயலினின் உச்ச சுரங்களை எண்ணிப் பார்த்தார்கள். காது மங்க மங்க அந்தச் சுரங்கள் குறைகின்றன. சரி, கேட்காததை எழுதவில்லை என்று விடலாம். ஆனால் அறவே கேட்காமல் போன கடைசிக் காலத்தில் அவை திரும்பி வருகின்றன! அரைகுறையாகக் கேட்டவரைக்கும் காதுக்கு எட்டியதை எழுதினார், காதை நம்பிப் பயனில்லை என்றானதும் மனசுக்குள் ஒலித்ததை எழுதினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பேசுவதற்கு? 1818 முதல் நோட்டுப் புத்தகம்! வந்தவர்கள் கேள்வியை எழுதிக் காட்டுவார்கள், இவர் வாயால் பதில் சொல்வார். 130-க்கு மேற்பட்ட நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. என்ன பிரயோஜனம், பெரும்பாலும் கேள்விதான் இருக்கிறது, பதில் காற்றோடு போய்விட்டது! போதாக்குறைக்கு உதவியாளர் ஷிண்ட்லர், பிற்பாடு தன் பங்குக்குப் பொய் வரிகளையும் சொருகி வைத்தார்.

எனக்கு மிகப் பிடித்தது 1825-ல் நடந்தது. புதிய நால்வர் இசை ஒன்று முதல் அரங்கேற்றத்தில் எடுபடவில்லை. வயலின்காரர் யோசப் பேம் அதை மறுபடி ஒத்திகை பார்க்கிறார். மூலையில் குந்தியபடி பீத்தோவன், பார்வை முழுக்க நான்கு வில்களின் மேல். காலப்பிரமாணம் இம்மி பிசகினாலும் பிடித்துத் திருத்திவிடுகிறார்! முடிவில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி அவரே எழுதியிருந்தார். பேம் துணிந்து குறைக்காமல் வாசித்தார். கடைசி வில் நின்றது. இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய், நான்கு பேரின் தாள்களிலும் அந்தக் குறிப்பைத் தன் கையாலேயே அடித்தாராம். ஒரு சுரம்கூடக் கேட்காமல்!

1824 மே 7, ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறிய இரவு தெரியுமா? மேடையில் பீத்தோவன் கையசைத்து நிற்கிறார், வாத்தியக்காரர்களோ இசை நடத்துநர் உம்லாஃபின் கையைத்தான் பார்க்கிறார்கள். அப்படித்தான் அவர்களுக்கு ரகசிய உத்தரவு. அரங்கம் ஆர்ப்பரிக்கிறது, இவருக்கு எதுவும் தெரியவில்லை. பாடகி கரோலின் உங்கர், இருபது வயதுப் பெண், அவரைப் பிடித்துச் சபையின் பக்கம் திருப்பினாள். கைதட்டினால் கேட்காதே! சபை கைக்குட்டையை வீசிக் காட்டியது.

பதினாறு நாள் கழித்து, மே 23 ஞாயிற்றுக்கிழமை, வியன்னாவில் நல்ல வெயில். அதே சிம்பொனி இரண்டாம் முறை அரங்கேறியது. அரங்கில் பாதி இருக்கைகள்கூட நிரம்பவில்லை.