ஆடம் குட்ஸ்: இரண்டு முறை ‘பெஸ்ட் பிளேயர்’ ஆனவரை அண்டர்ரேட்டட் என்று சொல்லலாமா?

2021 ஜூன் மாதம். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலில் ஓய்வு பெற்ற வீரர்களுக்குக் கிடைக்கும் பெரிய மரியாதை ‘ஹால் ஆஃப் ஃபேம்’. அதில் பெயர் ஏறிவிட்டால் ஆட்டத்தின் வரலாற்றில் நிரந்தர இடம் கிடைத்த மாதிரி. சிட்னி ஸ்வான்ஸ் அணியின் முன்னாள் வீரர் ஆடம் குட்ஸை அதில் சேர்க்க, தேர்வுக் குழு ஒருமனதாக முடிவு செய்தது.

குட்ஸ் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்.

இன்றும் ஆஸ்திரேலியாவில் ரசிகர்கள் மத்தியில் ஒரு விவாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எல்லாக் காலத்திலும் தலைசிறந்தவர்கள் என்று பட்டியல் போடும்போது குட்ஸின் பெயர் ஏன் சட்டென்று வாயில் வருவதில்லை? அவர் அண்டர்ரேட்டடா? இல்லை, அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டதா?

முதலில், இது என்ன ஆட்டம்?

பெயரில் ஃபுட்பால் இருந்தாலும் நாம் பார்க்கும் கால்பந்து இல்லை இது. ஆஸ்திரேலியர்கள் செல்லமாக ‘ஃபூட்டி’ என்பார்கள். கிரிக்கெட் மைதானம் மாதிரியான பெரிய ஓவல் மைதானம். பாக்ஸிங் டே டெஸ்டில் நாம் பார்க்கும் மெல்போர்ன் எம்.சி.ஜி.தான் இந்த ஆட்டத்துக்கும் தலைமையிடம்.

ஒரு அணிக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், ஒரு கையில் வைத்து இன்னொரு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எறிய மட்டும் கூடாது. இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. அதற்கு வெளியே உள்ள இடைவெளியில் போனால் 1 புள்ளி.

இதில் மூன்று வகை வேலைகளைப் புரிந்துகொண்டால் போதும். நடுவர் பந்தை மேலே எழுப்பும்போது எகிறித் தட்டிவிடும் உயரமான ஆள் ‘ரக்’. கீழே விழுந்த பந்தை ஓடி ஓடிப் பொறுக்கி முன்னே அனுப்புபவர் ‘மிட்ஃபீல்டர்’. கோல் அடிப்பவர் ‘ஃபார்வர்ட்’. பெரும்பாலான வீரர்கள் இதில் ஏதாவது ஒன்றில் தேர்ந்தவர்களாக இருப்பார்கள்.

குட்ஸ் மூன்றையும் செய்தார். அவரைப் பற்றிய விவாதத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

43-வது ஆளாக வந்தவர்

குட்ஸ் 1980-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அத்னியாமத்தன்ஹா, நருங்கா ஆகிய பூர்வகுடி சமூகங்களைச் சேர்ந்தவர். அவருடைய அம்மா, ‘திருடப்பட்ட தலைமுறை’ என்று ஆஸ்திரேலிய வரலாறு சொல்லும் பிள்ளைகளில் ஒருவர். பூர்வகுடிக் குழந்தைகளை அரசாங்கமே குடும்பத்திடமிருந்து பிரித்துக்கொண்டு போன காலம் அது.

சின்ன வயதில் குட்ஸ் ஆடியது சாதாரண கால்பந்துதான். குடும்பம் விக்டோரியா மாநிலத்தின் ஹார்ஷம் என்ற ஊருக்குக் குடிபோன பிறகுதான் ஃபூட்டிக்கு மாறினார். 1997 டிராஃப்டில் கிளப்புகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது சிட்னி ஸ்வான்ஸ் அவரை எடுத்தது 43-வது இடத்தில். அதாவது, அவருக்கு முன்னால் 42 பேரை கிளப்புகள் நம்பியிருந்தன.

1999-ல் முதல் ஆட்டம். அதே வருடம் சிறந்த இளம் வீரருக்கான ‘ரைசிங் ஸ்டார்’ விருது.

நம்பர்ஸ் என்ன சொல்கிறது?

17 சீசன். 372 ஆட்டங்கள். 464 கோல்கள். இரண்டு சாம்பியன்ஷிப், 2005-லும் 2012-லும். ஆண்டின் சிறந்த அணியான ‘ஆல்-ஆஸ்திரேலியன்’ பட்டியலில் நான்கு முறை இடம். சொந்த கிளப்பின் சிறந்த வீரர் விருது மூன்று முறை.

இதற்கெல்லாம் மேல் பிரவுன்லோ மெடல் இரண்டு. 2003-ல் ஒன்று, 2006-ல் ஒன்று.

பிரவுன்லோ 1924-லிருந்து கொடுக்கப்படும் விருது. லீக் சுற்றில் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கள நடுவர்கள் கூடி, அன்று சிறப்பாக ஆடிய மூவருக்கு 3, 2, 1 என்று ஓட்டுப் போடுவார்கள். சீசன் முடியும்வரை அது ரகசியம். தடை வாங்கிய வீரர் எவ்வளவு ஓட்டு வாங்கினாலும் மெடல் கிடையாது. அதனால் மற்ற விருதுகளைவிட இதற்கு மவுசு அதிகம். 2003-ல் குட்ஸ், நேதன் பக்லி, மார்க் ரிச்சியூட்டோ மூவரும் சம ஓட்டு வாங்கி மெடலைப் பகிர்ந்துகொண்டார்கள். 2006-ல் குட்ஸ் தனியாகவே தட்டிச் சென்றார்.

இத்தனை வருடத்தில் இந்த மெடலை மூன்று முறை வென்றவர்கள் நான்கே பேர். அதற்கு அடுத்த வரிசையில், இரண்டு முறை வென்றவர்களில் குட்ஸ் ஒருவர். இப்படிப்பட்ட ஒருவரை அண்டர்ரேட்டட் என்று சொன்னால் கேட்பவர் சிரிக்க மாட்டாரா? நியாயமான கேள்விதான்.

அப்போ எங்கே இடிக்கிறது?

முதல் காரணம், அவர் எந்தப் பெட்டியிலும் அடங்காதவர். கிரிக்கெட்டில் ஆல்ரவுண்டருக்கு வரும் அதே சிக்கல். பேட்டிங் பட்டியலில் தேடினால் முதல் பத்தில் இருக்க மாட்டார், பவுலிங் பட்டியலிலும் இருக்க மாட்டார். அவர் இல்லாமல் அணி ஜெயிக்காது என்பது மட்டும் கூட ஆடியவர்களுக்குத் தெரியும்.

கோல் கணக்கை எடுத்தால் லான்ஸ் ஃபிராங்க்ளின் ஆயிரத்துக்கு மேல் அடித்தவர். அவர் பக்கத்தில் குட்ஸின் 464 சின்னதாகத் தெரியும். ஆனால் ஃபிராங்க்ளின் ரக்கில் போய் எகிறும் ஆள் இல்லை. குட்ஸோ உயரமான ஆட்களோடு ரக்கில் மோதுவார், அடுத்த நிமிடமே மிட்ஃபீல்டில் ஓடுவார், அணிக்குத் தேவைப்பட்டால் முன்னே போய் நிற்பார். 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஸ்வான்ஸில் அதிக கோல் அடித்தவரும் அவர்தான். இந்த மூன்று வேலையையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும் ஒரு நம்பர் எந்த ரெக்கார்டு புத்தகத்திலும் இல்லை.

இரண்டாவது காரணம், ஊர். ஃபூட்டியின் தாய்வீடு மெல்போர்ன். லீக்கில் உள்ள 18 கிளப்பில் 10 விக்டோரியா மாநிலத்தில் இருக்கின்றன. சிட்னியோ ரக்பி லீக் ஊர். ஸ்வான்ஸே மெல்போர்னிலிருந்து 1982-ல் அங்கே குடிபோன கிளப்தான். மெல்போர்ன் வீரர் ஒருவர் நன்றாக ஆடினால் திங்கள் காலை டீக்கடைப் பேச்சே அவராகத்தான் இருக்கும். சிட்னியில் ஆடுபவருக்கு அந்த வாய்ப்பு குறைவு.

இந்த இரண்டு காரணமும் வேறு பல வீரர்களுக்கும் பொருந்தும். மூன்றாவது காரணம் குட்ஸுக்கு மட்டுமே உரியது.

2013 மே 24: அந்த இரவு

பூர்வகுடிகளைக் கௌரவிக்கும் சிறப்புச் சுற்று. எம்.சி.ஜி.யில் காலிங்வுட் அணிக்கு எதிரான ஆட்டம். குட்ஸ் அன்று பிரமாதமாக ஆடினார். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓடியபோது பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு குரல் அவரைக் ‘குரங்கு’ என்றது. குட்ஸ் நின்றார். திரும்பிப் பார்த்து, பாதுகாவலரிடம் கை காட்டினார்.

சொன்னது 13 வயதுச் சிறுமி.

மறுநாள் குட்ஸ் பேசியபோது அந்தச் சிறுமியைக் குறை சொல்லவில்லை. அவளைத் திட்டாதீர்கள், அவளுக்குத் துணையாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் ‘சின்னப் பெண்ணைக் கை காட்டிவிட்டார்’ என்ற பேச்சுதான் ஒட்டிக்கொண்டது.

2014-ல் அவர் ‘ஆஸ்திரேலியன் ஆஃப் தி இயர்’ ஆனார். மேடை கிடைத்த இடத்திலெல்லாம் இனவெறி பற்றியும் நாட்டின் வரலாறு பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். ஒரு பகுதி ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் கைக்குப் பந்து வந்தாலே மைதானம் முழுக்கக் கேலிக் கூச்சல் எழ ஆரம்பித்தது.

2015 மே மாதம் கார்ல்டன் அணிக்கு எதிராக கோல் அடித்த குட்ஸ், பூர்வகுடிப் போர் நடனத்தின் சில அசைவுகளை ஆடிக்காட்டி, ஈட்டி எறிவது போல் சைகை செய்தார். அதுவும் பூர்வகுடிச் சுற்று ஆட்டம்தான். ஆனால் கூச்சல் இரண்டு மடங்கானது.

கூச்சல் போட்டவர்கள் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். ‘நிறத்துக்காக இல்லை, அவர் ஃப்ரீ கிக்குக்காக நடிக்கிறார், அதனால்தான்.’ வேறு பல வீரர்கள் மீதும் இதே புகார் உண்டு. ஆனால் அவர்களில் யாருக்கும் ஊர் ஊராக, வாரா வாரம், மாதக்கணக்கில் இப்படி நடக்கவில்லை. லீக்கும் உடனே தலையிடாமல் வேடிக்கை பார்த்தது.

கடைசி சீசன்

2015 ஜூலை இறுதியில் பெர்த்தில் நடந்த ஆட்டத்துக்குப் பிறகு குட்ஸ் விடுப்பு எடுத்துக்கொண்டார். அவர் இல்லாமல் சிட்னியில் நடந்த அடுத்த ஆட்டத்தில் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவருடைய ஜெர்சி எண் 37 மைதானம் எங்கும் தெரிந்தது. அதன் பிறகு திரும்பி வந்து ஆடினார். செப்டம்பரில் நார்த் மெல்போர்னிடம் தோற்று ஸ்வான்ஸ் வெளியேறிய இரவு, டிரெஸ்ஸிங் ரூமில் சக வீரர்களிடம் ஓய்வைச் சொன்னார்.

ஓய்வு பெறும் பெரிய வீரர்களை இறுதிப் போட்டி நாளில் எம்.சி.ஜி.யைச் சுற்றி வண்டியில் அழைத்துவந்து வழியனுப்புவது வழக்கம். குட்ஸ் அதற்கு வரவில்லை. 372 ஆட்டம் ஆடியவருக்கு மைதானத்தில் ஒரு விடைபெறல்கூட இல்லாமல் போனது.

2019-ல் ‘தி ஃபைனல் குவார்ட்டர்’, ‘தி ஆஸ்திரேலியன் ட்ரீம்’ என்று இரண்டு ஆவணப்படங்கள் வந்தன. அதே வருடம் லீக்கும் 18 கிளப்புகளும் சேர்ந்து, அவருக்குத் துணை நிற்கத் தவறிவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டன. கூச்சல் ஓய்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. 2021-ல் அவர் ஹால் ஆஃப் ஃபேமை மறுத்ததை இந்தக் கதையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, அண்டர்ரேட்டடா இல்லையா?

மெடல்களைப் பார்த்தால் இல்லை. ஆட்டத்தை மிக அருகிலிருந்து பார்த்த நடுவர்கள் இரண்டு முறை அவரைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள். சக வீரர்கள், கோச்சுகள் என்று அவரோடு களத்தில் இருந்த யாரும் அவரைக் குறைத்து எடை போடவில்லை.

ஆனால் ஞாபகத்தில் அவருக்குக் கிடைத்திருக்கும் இடம் வேறு. அந்த இரண்டு ஆவணப்படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே முக்கியமான படங்கள். இரண்டிலும் மையம் அந்தக் கூச்சல்தான். இன்று 20 வயதில் இருக்கும் ஒரு ஆஸ்திரேலிய ரசிகருக்கு, குட்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது அவருக்கு நடந்தது. அவர் ஆடியது இல்லை.

2012 இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். எதிரில் ஹாவ்தர்ன். ஆட்டத்தின் நடுவிலேயே குட்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. இணை கேப்டன் அவர். பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்தார், கடைசிக் குவார்ட்டரில் ஒரு கோலும் அடித்தார். ஸ்வான்ஸ் 91–81 என்று ஜெயித்தது. வேறொரு வீரர் இதைச் செய்திருந்தால், அவர் பெயரைச் சொன்னதும் முதலில் வரும் கதையே இதுவாகத்தான் இருந்திருக்கும்.

இதற்காக ‘அரசியலை விடுங்க, ஆட்டத்தை மட்டும் பேசுவோம்’ என்றும் சொல்லிவிட முடியாது. கூச்சல் போட்டவர்களும் அன்று கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார்கள்: வாயை மூடிக்கொண்டு ஆடு என்று. மைதானத்தில் நின்று கை காட்டியவரும், கிழிந்த முழங்காலோடு கோல் அடித்தவரும் ஒரே ஆள்தான். ஒன்றைச் சொல்வதற்காக இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலில் இன்று குட்ஸின் பெயர் இல்லை. தகுதி போதாமல் விடுபட்டதல்ல அது. அந்தப் பட்டியலைப் பார்க்கும் ஒவ்வொருவரும் ‘இவர் எங்கே?’ என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியது குட்ஸ் இல்லை.