எஞ்சினைத் தடுமாறச் செய்த நுட்பம்

முப்படிச் சமன்பாட்டுக்கு மூலங்காணப் பழகிய மாணவர் பலர், அம்மூலங்களே ஓர் எஞ்சின் அமைதியாக ஓடுமா, தடுமாறுமா என்பதை முன்னறிவிக்க வல்லன என்று அறியாமலே கல்லூரியை விட்டு நீங்குகின்றனர். நாமும் அவ்வாறு நீங்கியவரே.

கொதிநீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராகக் காத்தற்பொருட்டு ஜேம்ஸ் வாற் 1788 ஆம் ஆண்டில் ஒரு கருவியைப் பொருத்தினார். காற்றாலைகளில் முன்னரே வழங்கிய அமைப்பொன்றைத் தழுவிய அதனைப் பொறியியலார் ‘கவர்னர்’ என்பர். எஞ்சினாற் சுழலும் செங்குத்துத் தண்டில் இரு கைகள். அவற்றின் நுனியில் இரும்புக் குண்டுகள். வேகம் மிகுந்தாற் குண்டுகள் விரிந்து உயரும். நீராவி வால்வு ஒடுங்கும். வேகம் குறைந்தாற் குண்டுகள் தாழும்; வால்வு திறக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஞ்சின்கள் பெரியனவாகவும், உறுப்புகள் நுட்பமாகக் கடையப்பட்டனவாகவும் ஆக ஆக, ஒரு விந்தை நேர்ந்தது. முன்னர் ஒழுங்காக ஓடியவை இப்பொழுது ஒரு வேகத்தில் நிலைகொள்ளாது மேலுங் கீழுமாக அலைந்தன. ஆங்கிலத் தொழிலாளர் இதனை ‘வேட்டையாடுதல்’ என்றனர். அடுப்பில் உலை பொங்கும்போது விறகை வெளியே இழுக்கிறோம்; நுரை உடனே தணிவதில்லை; பொறுமையின்றி இன்னுஞ் சிறிது இழுக்கிறோம்; பின்னர் அடுப்பே அவிந்துவிடுகிறது. திருத்தம் பிந்தி வருவதால் நேரும் இடர் இது.

கிளார்க் மக்ஸ்வெல் 1868 இல் கவர்னர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சீரான வேகத்திலிருந்து எஞ்சின் சற்றே விலகினால் அவ்விலகல் வளருமா, தேயுமா என்பதே அவர் வினா. மூலங்களின் மெய்ப்பகுதி யாவும் மறையாயின் விலகல் தேயும்; ஒன்றேனும் நேராயின் வளரும். முப்படிக்கு நிபந்தனை கண்ட அவர், எல்லாப் படிகளுக்கும் பொதுவிதி தரவில்லை. அதனை 1877 இல் தந்தவர் றவுத். (1854 இல் கேம்பிறிட்ஜ் கணிதப் பரீட்சையில் றவுத் முதலாமவர், மக்ஸ்வெல் இரண்டாமவர்! பரீட்சைப் பெறுபேறுகளை ஆவலுடன் படிக்கும் நம் பழைய மாணவர் இதனை மறவார்.)

தடுமாற்றத்தின் காரணத்தை வெளிப்படையாகக் காட்டியவர் உருசிய அறிஞர் விஷ்னெகிராட்ஸ்கி. குண்டுகளின் பாரம் கூடுதல், உராய்வு குறைதல், பறப்புச்சில்லின் சடத்துவம் குறைதல், வேகவேறுபாட்டை மிகக் குறுக்குதல் ஆகிய நான்கும் நிலைகுலைவிக்கும் என 1876 அளவில் அவர் நிறுவினார். கைவினைஞர் முன்னேற்றமென்று கருதிச் செய்தவை இவையே! உராய்வை ஒழிக்க அரும்பாடுபட்ட பின்னர், எண்ணெய் நிறைந்த உருளையில் ஆடுதண்டை அமிழ்த்தி அதனை வேண்டுமென்றே மீளச் சேர்க்கவேண்டியதாயிற்று.

இத்தகைய தொகுதியைக் கற்கத் தொடங்குபவர், எப்பொருள்களின் நிலை அடுத்த கணத்தைத் தீர்மானிக்கிறது என்று முதலில் வினவவேண்டும். இங்கே அவை மூன்று: சில்லின் வேகம், குண்டுகளின் நிலை, குண்டுகள் அசையும் வேகம். ஆதலினாலேதான் சமன்பாடு முப்படியாகிறது. இவ்விளக்கத்தை நமக்கு எவரும் வகுப்பில் கூறியதில்லை. கூறியிருந்தால் அல்ஜீப்பிரா எத்துணை இனித்திருக்கும்! இன்று கணினி அலைவின் வளைகோட்டை நொடியில் வரைந்துவிடுகிறது. எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது என்ற தெரிவு மட்டும் மாணவரிடமே உள்ளது.

பல்கலைக்கழகத்தில் இப்பயிற்சியை முதன்முதற் செய்தபோது, “உராய்வு அற்பம்” என ஒரு வரி எழுதி அதனை நீக்கிவிட்டோம். எந்த எண்ணை இட்டாலும் எஞ்சின் நிலைகொள்ள மறுத்தது. கணக்கிற் பிழையென்று எண்ணி இரண்டு நாட்கள் கூட்டலையுங் கழித்தலையுஞ் சரிபார்த்தோம். விடைத்தாள் திரும்பியபோது கணக்கு முழுவதுஞ் சரியென்றிருந்தது. அந்த ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்பு மையாற் கோடு இடப்பட்டிருந்தது.