படியில் வழுக்காமல் இறங்குவோம்

மாரி தொடங்கியதும் வாசற்படியில் ஒரு பழைய சாக்கை விரித்துவிடுவது எம்மிடையே உள்ள வழக்கம். சேறு உள்ளே வராது, காலும் வழுக்காது என்று எண்ணித்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் ஒப்பமான சீமெந்தின் மேல் கிடக்கும் ஈரச் சாக்கு, கால் வைத்ததும் காலோடு சேர்ந்து நழுவுகிறது. விழாமல் இருக்கப் போட்டதே எம்மை விழுத்திவிடுகிறது.

விழுந்தால் எழும்பலாம்தானே என்று இதை விட்டுவிட முடியாது. கணுக்கால் எலும்பு முறிந்தால் பொருந்துவதற்கே பொதுவாக ஆறு கிழமைகளாவது செல்லும். மூட்டை தூக்க இன்னும் நாள் எடுக்கும். ஒக்டோபர் விதைப்பு வேளையில் அது நேர்ந்தால் அந்தப் பெரும்போகமே கைவிட்டுப் போகும். இடம்பெயர்ந்து திரும்பி, கடன்பட்டு விதைக்கும் ஒரு குடும்பத்திற்கு இது தாங்க முடியாத இழப்பு.

வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்திக் கட்டிய வீடுகளில் மூன்று நான்கு படிகளாவது உண்டு. ஏறும்போது விழுவதைவிட இறங்கும்போது விழுவதே ஆபத்தானது. இறங்கும் கால் படியின் முன் விளிம்பில்தான் பதிகிறது. அங்கே மழைநீர் மெல்லிய படலமாக நின்றால் பாதத்துக்குப் பிடிப்பில்லை. எனவே றப்பர் விரிப்பு படியின் நடுவை மட்டுமல்ல, முன் விளிம்பையும் மூட வேண்டும்.

றப்பர் எமது நாட்டுக்குப் புதியதல்ல. 1876 இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இன்று களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் அது முக்கிய பயிர். ஆனாலும் கடையில் உள்ள எல்லா றப்பரும் படிக்கு உதவாது.

வாங்கும்போது மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ளதாகப் பாருங்கள். மேற்பரப்பில் வரிகளோ வட்டப் புடைப்புகளோ இருக்க வேண்டும். அவற்றின் இடைவெளியால் நீர் வழிந்தோடும். வரியுள்ளதாயின் வரிகள் படியின் விளிம்புக்குச் சமாந்தரமாக அமைய வேண்டும். ஒரு துண்டை மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்புத் தெரிந்தால் அது பழைய சரக்கு. வயோதிபர் உள்ள வீட்டில் விளிம்பு வேறு நிறமாக இருந்தால் கண்ணுக்கு எளிதில் தெரியும்.

பழைய ரயரை வெட்டிப் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. கார், லொறி ரயர்களுள் பலவற்றில் உருக்குக் கம்பி இழைகள் உண்டு. வெட்டிய ஓரத்தில் அவை நீட்டிக்கொண்டு பிள்ளைகளின் காலைக் கிழிக்கும். உள் ரியூப்போ ஒப்பமானது. நனைந்தால் சீமெந்தைப் போலவே வழுக்கும். இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

ஒட்டும் வேலைக்கு மழையற்ற நாட்களைத் தெரிவு செய்யுங்கள். உடைந்த விளிம்பை முதலில் சீமெந்தால் திருத்துங்கள். புதிய சீமெந்தை ஏழு நாட்கள் நனைத்து, பின் நான்கு கிழமைகளாவது காயவிடுங்கள். பாசியையும் எண்ணெயையும் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். பின்னர் ஒரு பொலித்தீன் துண்டைப் படியில் விரித்து, ஓரங்களை ஒட்டி, ஓரிரவு விடுங்கள். காலையில் அதன் அடியில் நீர்த்துளி இருந்தால் படி இன்னும் ஈரம். பசை பிடிக்காது.

ஒவ்வொரு படியையும் தனித்தனியே அளவெடுங்கள். ஒரே அளவில் அமைந்த படிகள் அரிது. காகிதத்தில் மாதிரி வெட்டி, அதை றப்பரில் வைத்து வரைந்து, நீரில் நனைத்த கூரிய கத்தியால் வெட்டினால் இலகுவாக இருக்கும். சப்பாத்துத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ஒட்டுப்பசையைப் படியிலும் றப்பரிலும் மெல்லிதாகப் பூசுங்கள். விரலில் ஒட்டாத பதம் வரும் வரை பொறுத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்துங்கள். பசையின் ஆவி தீப்பற்றும். அடுப்பு, பீடி எதுவும் அருகில் வேண்டாம். ஒரு நாள் முழுவதும் மிதிக்கக்கூடாது. ஆகவே முதல் நாள் ஒன்றுவிட்ட படிகளையும், அவை நன்கு பிடித்த பின் ஏனையவற்றையும் ஒட்டுங்கள். அகலக் கால் வைத்து ஏறக்கூடியவர்கள் ஏறலாம். சிறுவரையும் முதியோரையும் அந்நாட்களில் வேறு வாசலால் அழைத்துச் செல்லுங்கள்.

பின்னர் பராமரிப்பு. மணலைத் தினமும் கூட்டிவிடுங்கள். மினுக்கத்துக்கென்று மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ பூச வேண்டாம். எண்ணெய் பட்டால் றப்பர் ஊதி இளகும். வெயில் அதை வெடிக்கச் செய்யும். ஓரம் கிளம்பினால் அன்றே ஒட்டுங்கள், முடியாவிட்டால் முழுவதையும் கழற்றிவிடுங்கள். கிளம்பிய றப்பர் சாக்கைவிட மோசமானது. அதில் கால் தடக்கும்.

றப்பர் வாங்க வசதியில்லாதோரும், பிறர் வீட்டில் தங்கியிருப்போரும் சோர வேண்டாம். வீட்டுக்காரரிடம் கேட்டு, படியோரம் கைபிடிக்க ஓர் உறுதியான தடியை நட்டுவிடலாம். புதிதாகப் படி கட்டுவோர், சீமெந்து காயுமுன் விளிம்போரமாக இரண்டு மூன்று வரிகள் கீறி, நீர் வழிய முன்பக்கம் சற்றே சரிவும் கொடுக்கும்படி மேசனிடம் சொல்லலாம். அதற்குத் தனிச் செலவு இல்லை.

இன்று செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வாசற்படியில் கிடக்கும் அந்தச் சாக்கை எடுத்துவிடுங்கள்.