பேரிடரும் தேவதூஷணமும்: அயலவரின் வேதம் சொல்வது என்ன?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளைப் பெயர்த்துப் போட்ட பிறகு, பள்ளிவாசல் முற்றத்திலும் பஸ்ஸிலும் தேநீர்க் கடையிலும் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுந்தது. "இது சும்மா வந்ததில்ல. பாவம் கூடிப் போச்சு, அல்லாஹ் காட்டித் தந்திருக்கான்" என்பார்கள். பாவம் செய்தவர் யார் என்று கேட்டால், சொல்பவரின் விரல் வேறு பக்கமே நீளும். கிறிஸ்தவச் சபைகளிலும் இந்தப் பேச்சு உண்டு. ஆனால் அவர்களுடைய இறையியல் இந்தக் கேள்வியோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டி வந்திருக்கிறது. அதை நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கூடவே தேவதூஷணம், அதாவது இறைவனைப் பழித்துரைப்பது பற்றியும் எழுதுகிறேன். இரண்டும் வெவ்வேறு விடயங்களாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்.

கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கிலிக்கன், மெதடிஸ்த திருச்சபைகள் உட்படச் சில திருச்சபைகள் சேர்ந்து 1963இல் தொடங்கியது. சிங்களத்திலும் தமிழிலும் போதகர்களுக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். அங்கே படித்த மெதடிஸ்த போதகர் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். புயல் ஓய்ந்த சில வாரங்களில் அவரிடம் நேரடியாகவே கேட்டேன்: "ஐயா, உங்கட வேதத்தில அழிவு என்டா அது தண்டனையா?"

"வேதத்தில ரெண்டு பதில் இருக்கு நானா. ரெண்டும் ஒன்டோட ஒன்டு சண்டை பிடிக்கும்" என்றார்.

முதற் பதில் நமக்குப் பழக்கமானது. நூஹ் (அலை) காலத்து வெள்ளமும் லூத் (அலை) சமூகத்தின் அழிவும் அவர்களுடைய பழைய ஏற்பாட்டிலும் வருகின்றன. கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் மழையும் விளைச்சலும், மீறினால் பஞ்சமும் நோயும் என்று உபாகமம் என்ற நூல் சொல்கிறது. இரண்டாவது பதில், அவர்கள் யோபு என்றழைக்கும் அய்யூப் (அலை) அவர்களின் கதையில் தொடங்குகிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணோடு உட்கார்ந்திருக்கும் அவரிடம் நண்பர்கள் வந்து, நீ ஏதோ செய்திருக்கிறாய், அதுதான் இப்படி என்று பக்கம் பக்கமாக வாதிக்கிறார்கள். நூலின் முடிவில் இறைவன் கோபிப்பது அந்த நண்பர்கள் மீதுதான். இறைவனுக்காக வக்காலத்து வாங்க வந்தவர்களே கண்டிக்கப்படுகிறார்கள்.

லூக்கா சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் இது இன்னும் கூர்மையாக வருகிறது. ஜெருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் ஊரிலுள்ள மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். அத்தோடு விடவில்லை, நீங்களும் மனந்திரும்ப வேண்டும் என்று சேர்த்துக் கொள்கிறார். இடிபாட்டைப் பார்த்து ஒருவன் தன்னைப் பற்றி யோசிக்கலாம், யோசிக்கவும் வேண்டும். இடிபாட்டுக்குள் கிடப்பவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. பேரிடர் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையில் இதைவிட முக்கியமான இடம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் இறைவனின் ஆட்சி எங்கே போனது என்று கேட்கலாம். 16ஆம் நூற்றாண்டின் கல்வின், எதுவுமே தற்செயல் இல்லை, எல்லாம் இறைவனின் சித்தப்படியே என்பதில் மிகக் கடுமையாக நின்றவர். நமது கழா கத்ர் நம்பிக்கைக்குக் கிட்டத்தட்டப் பக்கத்து வீடு. ஆனால் ஒன்று இறைவனின் சித்தத்தால் நடந்தது என்று நம்புவது வேறு, அதன் காரணம் எனக்குத் தெரியும் என்று சொல்வது வேறு. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரழி) பாதி வழியில் திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அங்கே நோயில் விழுந்தவர்களைப் பாவிகள் என்று அவர்கள் சொல்லவில்லை. அபூஉபைதா (ரழி) போன்ற பெரிய ஸஹாபி ஒருவரே அந்த நோயில்தான் மரணித்தார்.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் சீலோவாம் பாடத்தைப் பிடித்துக் கொண்டார்கள் என்றில்லை. 1755 நவம்பர் 1ஆம் திகதி, சகல புனிதர் திருநாளன்று, மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த நேரத்தில் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் இடிந்தது. மெதடிஸ்த இயக்கத்தின் தந்தை ஜோன் வெஸ்லி உடனே ஒரு பிரசுரம் எழுதி அதைத் தெய்வ நியாயத்தீர்ப்பு என்றார். இதை நான் சொன்னதும் போதகர் சிரித்துப்போட்டு, "எங்கட ஆளே எங்களுக்கு எதிர்ச் சாட்சி" என்றார். மறு வருடம் ரூசோ, வோல்டேருக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு கோணத்தைக் காட்டினார்: அங்கே ஆறு, ஏழு மாடி வீடுகளை நெருக்கமாகக் கட்டியது இயற்கை அல்லவே என்று.

அக்குறணைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய மழைக்குப் பிங்கா ஓயா பெருகி கடைவீதிக்குள் வருகிறது. ஓயாவின் கரையை நெருக்கிக் கட்டடம் எழுப்பியது யார் என்பது ஊருக்குத் தெரியும். அதையும் கத்ர் என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டால் யாருக்கு வசதி?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாத்தறை மாதா ஆலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்த வேளையில் கடல் உள்ளே புகுந்தது. அடித்துச் செல்லப்பட்ட மாதா சொரூபம் சில நாட்களில் திரும்பக் கிடைத்தது. வணங்க வந்தவர்களில் சிலர் உயிரோடு திரும்பவில்லை. நம் பக்கத்திலோ, களுத்துறையில் அலை பின்வாங்கும் செய்மதிப் படத்தில் அல்லாஹ்வின் பெயர் தெரிகிறது என்று அந்தப் படத்தைக் கைமாற்றினோம். கல்முனையிலும் மருதமுனையிலும் ஹம்பாந்தோட்டையிலும் ஜனாஸாக்களை அடக்கிக் கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் படம் என்ன சொன்னது என்று நாம் கேட்கவில்லை.

இனித் தேவதூஷணம். 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் ஒரு சட்டம் போட்டார். இறைவனைப் பழிப்பது போன்ற குற்றங்களால்தான் பஞ்சமும் பூகம்பமும் கொள்ளைநோயும் வருகின்றன, ஆகவே பழிப்பவனைத் தண்டிக்க வேண்டும் என்பது அதன் தர்க்கம். நான் வேர் ஒன்று என்றது இதைத்தான். ஒருவன் வாய்விட்டால் ஊர் முழுவதும் அழியும் என்றால், ஊரைக் காக்க அவன் வாயை அடைக்கத்தான் வேண்டும். சீலோவாம் பதில் அந்தச் சங்கிலியின் முதற் கண்ணியையே அறுத்துவிடுகிறது. அது போக, கிறிஸ்தவர்களின் நம்பிக்கைப்படி இயேசுவே தேவதூஷணக் குற்றச்சாட்டில்தான் மரணத்துக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டார். (நமது நம்பிக்கை வேறு, அது இங்கே விடயமல்ல.) அப்படியிருந்தும் 1697இல் எடின்பரோவில் தோமஸ் எய்கன்ஹெட் என்ற மாணவனை அதே குற்றத்துக்காகத் தூக்கிலிட்டார்கள். இங்கிலாந்து அந்தக் குற்றத்தைச் சட்டத்திலிருந்து நீக்கியது 2008இல்தான்.

ஆங்கிலேயர் நமக்கு விட்டுப்போன தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. அதன் சமயக் குற்றங்கள் பற்றிய அத்தியாயம் இறைவனைப் பாதுகாப்பதில்லை. வணக்கத் தலங்களையும் அடியார்களின் மனவுணர்வையும்தான் பாதுகாக்கிறது. இறைவனின் கோபம் இருந்த இடத்தில் கூட்டத்தின் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்தக் கூட்டம் பெரியதோ அதன் மனம்தான் முதலில் புண்படும். 2006இல் கத்தோலிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க 'டாவின்சி கோட்' திரைப்படம் இங்கே தடைசெய்யப்பட்டது. 2023இல் புத்தரைப் பற்றிப் பேசிய பேச்சுக்காகப் போதகர் ஜெரோம் பெர்னாண்டோ கைதானார். அவர் பேச்சை நான் ஏற்கவில்லை, பல கிறிஸ்தவர்களும் ஏற்கவில்லை. ஆனால் முந்தியது நடந்தபோது கைதட்டியவர்கள் பிந்தியதில் தவித்தார்கள்.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சிவில், அரசியல் உரிமைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வன்முறைக்குத் தூண்டும் சமய, இன வெறுப்பைத் தடுக்க வந்தது. கண்டி மாவட்டத்தில் அது யார் மீது பாய்ந்தது? 2019 மே மாதம் ஹசலகவில், உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச் சக்கரம் என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். 2020 ஏப்ரலில் கட்டுகஸ்தோட்டை ரம்ஸி ராஸிக், வெறுப்பை எழுத்தால் எதிர்கொள்ளும் கருத்தியல் ஜிஹாத் வேண்டும் என்று எழுதியதற்காகக் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில்.

2021 டிசம்பர் 3ஆம் திகதி சியால்கோட்டில் நம் நாட்டவர் பிரியந்த குமாரவை நிந்தனை என்ற பெயரால் அடித்துக் கொன்று எரித்தவர்களை நாம் கண்டித்தோம், சரி. ஆனால் 2024இல் இஸ்லாத்தைப் பற்றிப் பேசியதற்காக ஞானசார தேரருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தபோது, நம்மில் பலர் எதற்காகச் சந்தோசப்பட்டோம்? இறைவன் பழிக்கப்பட்டதற்கா, மனிதர் மீது ஏவப்பட்ட வெறுப்புக்கா? போதகரின் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. "ஆண்டவருக்கு வழக்கறிஞர் தேவையில்ல நானா. வீடு எரியிறவனுக்குத்தான் பொலிஸ் தேவை." 2018 மார்ச்சில் திகனவில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அந்தப் பொலிஸ் எவ்வளவு தாமதித்தது என்பதை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை.

அந்த 3ஆம் பிரிவின் கீழ் கைதானவருக்கு மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விசேட சந்தர்ப்பங்களில் மட்டுமே, பிணை வழங்கலாம். ஆகவே குற்றம் நிரூபணமாகும் முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது. இதை மாற்றச் சொல்லிக் கிறிஸ்தவர்களும் நாமும் ஒரே மேசையில் உட்காரலாமே என்று போதகரிடம் சொன்னேன்.

"உட்காரலாம். முதல்ல யார் கூப்பிடுறது என்டதுதான் கேள்வி" என்றார்.