கருப்பநீரும் கொம்புச்சாவும்: நொதித்த பானங்களின் சீனிக் கணக்கு

கரம்பொன்னிலும் அதனை அடுத்த தீவகக் கிராமங்களிலும் வளர்ந்தோர் பனை தரும் இரு பானங்களை நன்கு அறிவர். ஒரே மரம், ஒரே பாளை. ஆயினும் உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டியிற் சேர்வது கருப்பநீர். தடவாத முட்டியிற் சேர்வது கள். முன்னதைச் சிறுவரும் பருகுவர். பின்னது வெறி தருவது. இவ்வேற்றுமை எதனால் உண்டாகின்றது என்னும் வினாவுக்கு விடை காண்போமாயின், இன்று பல நாடுகளிலும் 'குடலுக்கு நலம்' எனக் கூறி விற்கப்படும் நொதித்த தேயிலைப் பானத்தின் தன்மையும் விளங்கிவிடும்.

பாளையிலிருந்து ஊறும் சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 12 பங்கு வெல்லம் உளது. அதிற் பெரும்பகுதி சுக்குரோசு. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்களும் பற்றீரியாக்களும் சாற்றிற் புகுந்தவுடன் தம் தொழிலைத் தொடங்குகின்றன. மதுவம் தன் நொதியத்தாற் சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிரித்து, பின் அவற்றை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. சில மணி நேரத்திற் சாறு நுரைத்துப் புளிக்கின்றது. மதுசாரம் நூற்றுக்கு 4, 5 பங்கு வரை ஏறுகின்றது. சுண்ணாம்போ சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கி நுண்ணுயிர்களின் தொழிலைத் தடுக்கின்றது. நொதித்தல் உயிர்களின் செயலே என்பதை லூயி பாஸ்டர் 1857 முதலாக ஆராய்ந்து நிலைநாட்டினார். அவ்வுயிர்களை அடக்கும் உபாயத்தை நம் சீவற்றொழிலாளர் நூல் எதுவும் கல்லாமலே கைப்பழக்கத்தால் அறிந்து வைத்திருந்தனர்.

இனித் தேயிலையை நோக்குவோம். 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்டதோடு இலங்கையிலே தேயிலைத் தோட்டத் தொழில் தொடங்கிற்று. தொழிற்சாலையில் நசுக்கிய கொழுந்தைப் பரப்பிவைப்பதை 'நொதிக்கவிடுதல்' என்பர். உண்மையில் அது நுண்ணுயிர்களின் தொழிலன்று. இலையிலுள்ள நொதியங்களால் நிகழும் ஒட்சியேற்றமேயாம். ஆதலின் நாம் நாள்தோறும் பருகும் தேத்தண்ணீர் நொதித்த பானம் ஆகாது.

கொம்புச்சா எனப்படுவது வேறு. தேயிலைச் சாயத்தில் ஓர் இலீற்றருக்கு 50 முதல் 100 கிராம் வரை சீனி கரைத்து, ஆறியபின் முன்னைய வடிப்பின் பகுதியையும் அதன்மேற் படர்ந்த ஆடையையும் இட்டு, ஏழு முதல் பதினான்கு நாள் வரை துணியால் மூடி வைப்பர். அவ்வாடையைக் காளான் எனச் சிலர் கருதுவது பிழை. அது பற்றீரியாக்கள் நெய்த செலுலோசுப் படலம். மதுவம் சீனியை மதுசாரமாக்க, பற்றீரியாக்கள் அம்மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. முட்டியில் நிகழ்ந்தது ஈண்டும் நிகழ்கின்றது. புளிப்பு மட்டும் மிகுகின்றது.

இங்கேதான் நாக்கு நம்மை ஏமாற்றுகின்றது. புளிப்பு இனிப்பை மறைக்கும். மறைப்பதனால் இனிப்பு இல்லாதொழியாது. இலீற்றருக்கு 80 கிராம் சீனி இட்டு, அதிற் பாதியை நுண்ணுயிர்கள் உண்டன எனக் கொள்வோம். எஞ்சியது 40 கிராம். 250 மில்லிலீற்றர் கொண்ட ஒரு குவளையில் 10 கிராம் இருக்கும். அஃது இரண்டு தேக்கரண்டிக்கு மேலாகும். கருப்பநீரிலோ அதே குவளையில் 25 கிராமுக்குக் குறையாத வெல்லம் உளது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் உட்கொள்ளும் கட்டற்ற வெல்லத்தை ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடக்குதல் மேலும் நன்று என்கின்றது. சீனியில்லாத தேத்தண்ணீர் குடிக்கும் நீரிழிவு நோயாளர், 'இயற்கை' என்னும் சொல்லை நம்பி இரண்டு குவளை கருப்பநீர் அருந்துவாராயின், அவர் காத்த நோன்பு அப்பொழுதே கலைந்துவிடும்.

குடல்நலம் பற்றிய கூற்று முற்றும் பொய்யன்று. புளித்த பாலின் பற்றீரியாக்கள் உடலுக்கு நன்மை தரும் என்னும் கருத்தை, 1908 இல் நோபெல் பரிசு பெற்ற மெச்னிக்கொவ் பரப்பினார். 2021 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் தயிர், புளித்த காய்கறி, கொம்புச்சா முதலிய பல நொதித்த உணவுகளை உண்டோரின் குடலிலே நுண்ணுயிர் வகைகள் பெருகின. அழற்சியைக் காட்டும் சில புரதங்கள் குறைந்தன. ஆயினும் அது கலந்துண்ட உணவின் பயன். கொம்புச்சாவின் தனிப்பயன் அன்று. 2023 இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், கொம்புச்சா அருந்திய நீரிழிவு நோயாளரின் குருதிக் குளுக்கோசு தாழ்ந்தது; அதிற் பங்குகொண்டோர் பன்னிருவரே. பன்னிருவரைக் கொண்டு ஊருக்கெல்லாம் மருந்து வகுத்தல் இயலாது.

வேறொன்றும் கருதத்தக்கது. நாம் குடிக்கும் சீனி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு விடுகின்றது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாவது அங்கு வரை செரியாது செல்லும் நார்ப்பொருள். தவிடு நீங்காத அரிசி, பயறு, கீரை, ஒடியல் ஆகியன அதனை அளிப்பவை. இரவு நீரூற்றி வைத்த பழஞ்சோறும் மோரும் சீனி சேராமலே நொதித்தவை. குடல்நலம் நாடுவோர் முதலில் நாட வேண்டியவை இவையே.

கொம்புச்சாவை வீட்டில் ஆக்குவோர் கலத்தின் தூய்மையைப் பேணுதல் இன்றியமையாதது. ஈயம் கலந்த மெருகுள்ள மட்கலம் ஆகாது. அமிலம் ஈயத்தைக் கரைத்துவிடும். சிறிதளவு மதுசாரமும் அப்பானத்தில் இருப்பதால், கருவுற்றோரும் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோரும் அதனைத் தவிர்த்தல் நன்று.

நொதித்தலில் வெல்லம் மாயமாய் மறைவதில்லை. ஒன்றில் அது மதுசாரமாகின்றது, அன்றேல் அமிலமாகின்றது, அன்றேல் வெல்லமாகவே எஞ்சுகின்றது. கருப்பநீர் முட்டியாயினும் கண்ணாடிப் போத்தலாயினும், இம்மூன்றில் எது எவ்வளவு உளது எனக் கேட்டறிந்து பருகுதலே கற்றோர்க்கு அழகு.